பொய்ப் பேரும் புளித்த மோரும்

கிட்ட வாருங்கள் என் கண்ணுகளா. விசிறிக் காற்று படுகிற பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் குப்புறக் கவிழ்த்து வையுங்கள், அது ஒன்றும் அழுதுவிடாது. பேர் தெரியாத ஒரு வாய், ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கடித்துத் துப்பப் பார்த்த கதையைச் சொல்கிறேன். துப்பறியும் பத்துமலைக்கு அந்த வாயைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை. ஒரு டின் கெட்டிப்பால் போதுமாக இருந்தது. அதையும் வாங்கவில்லை, செடிக்கு ஊற்றியதாகப் பொய்தான் சொன்னார்கள்.

பேராக் மாநிலத்துத் தமிழர்கள் முன்பெல்லாம் சட்டை மாட்டிக்கொண்டு, சந்தை வரைக்கும் நடந்து போய்ச் சண்டை போட்டார்கள். இப்போது காலம் முன்னேறிவிட்டது, படுத்தபடியே போடலாம். அதற்காகவே இணையத்தில் ஓர் அரட்டைக் களம் இருக்கிறது. பெயர், 'நம்ம பேராக், நம்ம பேச்சு'. அதில் எல்லாம் உண்டு. ஈப்போவில் எந்தக் கடைக் கோப்பி நல்ல கோப்பி என்று ஒரு திரி, அதாவது ஒரு பேச்சுத் தொடர், ஓடுகிறது. அதில் தோற்றவர்கள் இன்னும் ஊரை விட்டுப் போகாதது ஆச்சரியம். தைப்பிங் பக்கம் பேய் பார்த்தவர்களுக்கு ஒரு திரி. கமுந்திங்கில் வேலை காலி என்று ஒருவர் போட்டால், அதன் கீழே தன் முதலாளியைத் திட்ட நாற்பது பேர் வருவார்கள், வேலைக்கு ஒருவரும் வரமாட்டார். மருத்துவம் படிக்காத மருத்துவர்கள் முட்டிவலிக்கு மருந்து சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவே ஓர் அம்மாள் தினமும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொல்வார். அவருக்கு யாரும் பதில் வணக்கம் சொன்னதில்லை. அவரும் விட்டதில்லை.

அந்தக் களத்தில் வந்த ஒரு பதிவோடுதான் கலாதேவி அன்று காலையில் பத்துமலையின் ஆபீசுக்குப் படியேறினாள்.

ஆபீஸ் என்றால் ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு கடலைக் கடையின் மாடி. கீழே முறுக்கு பொரிகிற வாசனையில் மேலே குற்றவாளிகளைப் பற்றி யோசிப்பது சிரமம். பத்துமலைக்கு ஐம்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்து ஓய்ந்தவர். அவருடைய உதவியாளர் இருளாயிக்கு நாற்பது. இரண்டு பிள்ளைகளின் தாய். வாயை மூடி வைத்தால் மூச்சு முட்டும் என்று நம்புகிறவள்.

கலாதேவிக்கு இருபத்தெட்டு. தனியார் கிளினிக்கில் முடக்குவாதக்காரர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறாள். சித்தியவானில் மருந்தாளராக இருக்கும் ரஜீவுக்கும் அவளுக்கும் வருகிற ஞாயிறு பரிசம். ரஜீவ் யாழ்ப்பாண வம்சம். தாய் இல்லாத பிள்ளை. பெரியம்மா செல்லாச்சிதான் ஈப்போ கார்டன் வீட்டில் வைத்து வளர்த்தார். கல்யாணமானதும் கலாதேவி போகப்போவதும் அந்த வீட்டுக்குத்தான்.

"இதப் படிங்கண்ணே," என்று போனை நீட்டினாள்.

இருளாயிதான் வாங்கிப் படித்தாள். பதிவு போட்டவர் பெயர், 'யாழ்ப்பாணத்து மச்சாள்'.

"எங்கட ரஜீவ் தம்பிக்கு எத்தினை நல்ல பொம்பிளையள் இருக்க, சுங்கை சிப்புட் தோட்டத்திலை இருந்து கலாதேவி எண்டு ஒண்டைக் கட்டுறானாம். செல்லாச்சி அம்மா சொல்லுகினம், அந்தப் பிள்ளை எவ்வளவு படிச்சாலும் ஒட்டுப்பால் வாசம் போகாதாம். அவள் வந்து போனால் செல்லாச்சி அம்மா மூக்கைப் பொத்துகினம், செல்லாச்சி அம்மா கதிரையைக் கழுவுகினம்."

கதிரை என்றால் யாழ்ப்பாணத்தார் வாயில் நாற்காலி. ரப்பர் மரத்துக் கீறலிலும் கிண்ணத்திலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கிற பாலைத்தான் தோட்டத்து ஆட்கள் ஒட்டுப்பால் என்பார்கள். அதன் நாற்றம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரமும் தெரியும்.

"யார் எழுதுனாங்கங்கறது எனக்கு ரெண்டாவதுதாண்ணே," என்றாள் கலாதேவி. "அந்தம்மா அப்படிச் சொன்னாங்களா இல்லையா, அதான் தெரியணும். சொல்லியிருந்தா நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். ரஜீவக் கேட்டேன். பெரியம்மா அப்படியெல்லாம் சொல்லவே மாட்டாங்கன்னாரு."

"எங்க வீட்டுக்காரரும் அவங்கம்மாவப் பத்தி இதையேதான் சொன்னாரு," என்றாள் இருளாயி. "இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. பெத்த புள்ள சாட்சி எப்பவும் அம்மா பக்கந்தான் சாயும் லா."

"வீட்டுல வேற யாருக்கும் தெரியுமாம்மா?" பத்துமலை கேட்டார்.

"அப்பா மட்டும்தான் வீட்டுல. அம்மா இல்ல. அப்பாவுக்குச் சொல்லல. மாயாண்டின்னு பேரு, பால்மரம் வெட்டி என்னப் படிக்கவச்சவரு. போன்ல சமையல் வீடியோ பாக்கத்தான் தெரியும், இந்தக் களமெல்லாம் தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு."

பத்துமலை எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வா இருளாயி. சொன்னதாச் சொல்றவங்களையே கேட்டுருவோம்."

"நேராவா? துப்பறியறதுன்னா மொதல்ல வேலி ஓரமா ஒளியணும்ல?"

"ஒன்ன வச்சுக்கிட்டு எங்க ஒளியறது?"

ஈப்போ கார்டன் வீட்டில் செல்லாச்சி அம்மாள் கதவைத் திறந்தார். எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையாத ஆள். முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவர். இருளாயி தன்னையறியாமல் கையிரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்துமலை வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அம்மாளின் முகம் இறுகியது.

"அதை வாசியுங்கோ," என்றார். "எனக்குத் தமிழ் எழுத்து மெல்லத்தான் ஓடும். கோவில் தேவாரப் புத்தகம் தவிர வேறொண்டும் தமிழிலை வாசிக்கிறேல்லை."

"அப்ப யாரையாச்சும் திட்டணும்னா?" இருளாயியின் வாய் முந்திக்கொண்டது.

"இங்கிலீஷிலை. பிழையில்லாமல்."

பத்துமலை பதிவை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'செல்லாச்சி அம்மா சொல்லுகினம்' என்ற இடத்தில் அம்மாளின் புருவம் ஏறியது. 'மூக்கைப் பொத்துகினம்' வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறுங்கோ. எத்தினை செல்லாச்சி?"

"புரியலைங்கம்மா."

"ஒராள் எண்டால், அம்மா சொல்லுறா, அம்மா பொத்துறா. கன பேர் சேர்ந்து சொன்னாத்தான் சொல்லுகினம். இதை எழுதின ஆளின்ரை கணக்கிலை இந்த வீட்டிலை ஏழெட்டுச் செல்லாச்சி நிண்டு மூக்கைப் பொத்துகினம் போலை." அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பை விட்டார். "எங்கட ஆக்களிலை மூண்டு வயசுப் பிள்ளைகூட இந்தப் பிழை விடாது. ஆனால் அது கிடக்கட்டும். ஆரோ என்ரை வாயாலை அந்தப் பிள்ளையிலை துப்பியிருக்கினம். அவள் அதை நம்பிட்டாளோ?"

"நம்பல. நம்பாமலும் இல்ல," என்றார் பத்துமலை.

"நான் போய் இல்லையெண்டு சொன்னால், ஓம், எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது எண்டு நினைப்பாள். கண்டுபிடியுங்கோ."

காரில் ஏறியதும் இருளாயி சீட்டு பெல்ட்டை இழுத்தபடி கேட்டாள். "என்னண்ணே இது, சொல்லுறா, சொல்லுகினம்? ரெண்டும் ஒண்ணுதானே?"

"நமக்கு ஒண்ணு. ஒங்கம்மா பேசுனா எப்படிச் சொல்லுவ?"

"அம்மா சொல்றாங்க."

"ஊரே கூடிப் பேசுனா?"

"ஊர்ல சொல்றாங்க." இருளாயி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் சும்மா திறந்திருப்பது அபூர்வம்.

"அதான். மரியாதைக்கும் 'றாங்க', கூட்டத்துக்கும் 'றாங்க'. நமக்கு ரெண்டுக்கும் ஒரே வாலு. அவங்களுக்கு வேற வேற வாலு. எழுதுனவரு நம்ம தமிழ்ல யோசிச்சு, கண்ட 'றாங்க'வையெல்லாம் வெட்டிப்புட்டு 'கினம்' ஒட்டவச்சிருக்காரு."

"அடோய். அப்ப மச்சாள் யாழ்ப்பாணத்துலருந்து வரல. நம்ம தோட்டத்துப் பக்கத்து மச்சினிதான்."

"மச்சினியோ மச்சானோ. செல்லாச்சி அம்மா வீட்டுல இருந்து எதையும் கேட்ட ஆளு இல்ல. ஆனா அத வாயால சொன்னா கலாதேவி நம்பாது. ஆளக் காட்டணும்."

ஆபீசுக்குத் திரும்பியதும் இருளாயி கணினி முன் உட்கார்ந்து அந்த மச்சாளின் கணக்கைக் குடைந்தாள். சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போட்ட பதிவு அந்த ஒன்றே ஒன்று. படம் இல்லை, ஊர் இல்லை.

"சுத்தமா இருக்குண்ணே. விஷத்தக் கக்குனாரு, கையக் கழுவிட்டுப் போயிட்டாரு."

"திட்டுற எடத்துல எல்லாரும் உஷாராத்தான் இருப்பாங்க. மத்த எடத்துல என்ன பண்ணியிருக்காருன்னு பாரு. யாருக்காச்சும் விருப்பம் போட்டிருக்காரா?"

இருளாயி தேடினாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம்.

"ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கு. தோட்டக்கலைத் திரியில. பாரிட் புந்தார்ல ஒரு அம்மா வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு. இதயப் படம்."

"விஷம் கக்க வந்த எடத்துல ஒரு செடியப் பாத்து மனசு எளகியிருக்கு," என்றார் பத்துமலை. "நல்ல ஆளுதான் போல. நல்ல ஆளுங்களப் பிடிக்கிறது சுலபம். எதிர்க்க ஒரு தப்பு நடந்தா அவங்களால சும்மா இருக்க முடியாது. இருளாயி, ஒரு செடியக் கொல்லு."

இருளாயி தன் சொந்தப் பெயரிலேயே தோட்டக்கலைத் திரியில் எழுதினாள். "என் வீட்டுக் கறிவேப்பிலைக்கு நான் தினமும் கெட்டிப்பால் ஊற்றி வளர்க்கிறேன். தளதளவென்று வருகிறது. எல்லாரும் செய்து பாருங்கள்."

தூண்டில் தண்ணீரில் விழுந்தது. மீனுக்கு முன்னால் குளத்தில் இருந்த மற்றதெல்லாம் வந்தது. எந்தக் கம்பெனிப் பால் என்று ஒருவர் கேட்டார். தன் தாத்தா ஆட்டுப்பால் ஊற்றியதாகவும் அதனால் தொண்ணூறு வயது வாழ்ந்ததாகவும் இன்னொருவர் எழுதினார். வாழ்ந்தது தாத்தாவா செடியா என்று சொல்லவில்லை. அது கறிவேப்பிலையா கருவேப்பிலையா என்று இருவர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானம் செய்ய வந்த மூன்றாமவரை இருவருமாகச் சேர்ந்து உதைத்தார்கள். வாசலில் அந்தச் செடி இருந்தால் பேய் வரும் என்றார் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க்காரர் ஒருவர். உள்ளே இருக்கிற மாமியாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்றார் வேறொருவர். ரோஜாப்பூ அம்மாள் காலை வணக்கம் சொன்னார், அப்போது சாயங்காலம்.

"இருளாயின்னு இந்தக் காலத்துல யாரு பேரு வப்பாங்க, நீ போலி ஐடின்னு ஒருத்தன் எழுதியிருக்காண்ணே," என்றாள் இருளாயி கடுப்போடு. "களத்துலயே உண்மப் பேருல இருக்கிறவ நான் ஒருத்திதான்."

பத்துமலை பதில் சொல்வதற்குள் திரையில் ஒரு புதுப் பதில் விழுந்தது.

"அடி அறிவு கெட்டவளே. கெட்டிப்பால் ஊத்துனா எறும்பு ஏறி வேரு மூச்சு முட்டிச் செத்துப்போகும். புளிச்ச மோருல தண்ணி கலந்து ஊத்து. காலை வெயிலு படுற மாதிரி கெழக்கால வையி. வாயில்லாத சீவன அப்படிச் செய்யலாமா."

எழுதியவர் பெயர், யாழ்ப்பாணத்து மச்சாள்.

இருளாயி அதை அவசரமாகப் படம் பிடித்தாள். "பாருங்கண்ணே. கோவம் வந்ததும் மச்சாள் யாழ்ப்பாணத்துலருந்து ஒரே தாவாத் தாவி சுங்கை சிப்புட்டுல வந்து குதிச்சிட்டாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பதில் காணாமல் போனது. எழுதியவர் தப்பான பெயரில் எழுதிவிட்டதை உணர்ந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் அதே பதில் மறுபடி வந்தது. அதே எறும்பு, அதே மோர், அதே கிழக்கு. 'அடி அறிவு கெட்டவளே' மட்டும் 'அன்புச் சகோதரி' ஆகியிருந்தது. இந்த முறை எழுதியவர் பெயர், 'செடி அண்ணே'.

ஆபீசில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செடி அண்ணேயைக் களத்தில் தெரியாதவர் கிடையாது. அத்தனை பேர் அடித்துக்கொள்கிற இடத்தில் ஒரு கடுஞ்சொல் எழுதாத ஒரே மனிதர். வாடிய மல்லிகைக்கும் காய்க்காத முருங்கைக்கும் வைத்தியம் சொல்வார். ஈப்போ சுற்று வட்டாரத்தில் கூப்பிட்டால் நேரில் வந்தும் பார்ப்பார், கோப்பிகூட வாங்கிக் குடிக்கமாட்டார். நிஜப் பேர் மட்டும் யாருக்கும் தெரியாது.

"செடி அண்ணேயா?" இருளாயியின் குரலில் முதன்முறையாகக் கிண்டல் இல்லை. "எங்க வீட்டு வெத்தலக்கொடியப் பொழைக்க வச்சதே அவருதாண்ணே. அவரு ஏன் ஒரு பொண்ணப் போயி..."

"கேட்டாத்தானே தெரியும். கூப்பிடு. செடி சாகக் கெடக்குன்னு சொல்லு. கலாதேவியையும் வரச் சொல்லிரு. அந்த ஆளு வாயாலேயே அது கேக்கட்டும்."

மறுநாள் மதியம் கலாதேவி வந்து பத்துமலையின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். கிளினிக் சீருடையை மாற்றக்கூட இல்லை. 'றாங்க', 'கினம்' கதையை அவர் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அந்தம்மா சொல்லலயா?"

"எழுதுனவரு அந்த வீட்டு ஆளே இல்லம்மா. இப்ப வருவாரு. நீயே கேளு."

படியில் காலடி கேட்டது. வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெயிலில் வெளுத்த தொப்பி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் சோடா போத்தலில் வெள்ளையாக மோர்.

"இருளாயிங்கிற சகோதரி யாருங்க?" என்றார் பணிவாக. "செடிய எங்க வச்சிருக்கீங்க?"

கலாதேவி திரும்பினாள்.

"அப்பா?"

இருளாயி ஒரு நல்ல நக்கல் வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். அதை அப்படியே விழுங்கினாள்.

மாயாண்டி மகளைப் பார்த்தார், பத்துமலையைப் பார்த்தார், செடியே இல்லாத அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு போத்தலை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த யாழ்ப்பாணத்து மச்சாள் நீங்களாப்பா?"

"ஆமா."

"சும்மா ஆமான்னா? ஏன்பா? ரஜீவப் பிடிக்கலன்னா எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"மாப்ள தங்கமான புள்ள. அந்தம்மாவும் நல்லவங்க. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா எழுதுனீங்க?"

மாயாண்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு அப்ப பதினெட்டு வயசு. தோட்டத்து ஆபீசுக்குள்ள ஒரு சேதி சொல்லப் போனேன். அங்க கணக்கெழுதுற கிராணி ஐயா, அவரும் யாழ்ப்பாணத்துக்காரரு, மூக்கப் பொத்திக்கிட்டாரு. வெளிய நில்லு மாயாண்டி, ஒட்டுப்பால் நாறுதுன்னாரு. அன்னைக்கு நான் குளிச்சுட்டுத்தான் போயிருந்தேன். புதுச் சட்டை. அந்த ஐயா நல்ல மனுசன்மா. ஒங்க பாட்டிக்கு ஒடம்பு முடியாதப்ப அவரு வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. கெட்டவரா இருந்திருந்தா நான் மறந்திருப்பேன்."

கலாதேவி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அவங்க நல்லவங்கதான். ஆனா நல்லவங்க வாயிலருந்தும் அது வரும். கட்டிப் போனப்புறம் ஒருநாள் அந்த வீட்டுல யாராச்சும் உன்ன அப்படிச் சொல்லிட்டா, நீ எங்கிட்ட வந்து சொல்லமாட்ட. முழுங்கிக்கிட்டுக் கெடப்ப. நானும் அப்படித்தானே கெடந்தேன். அதான், தாலி ஏறுறதுக்கு முன்னாடியே உன் காதுல அது விழுந்துரட்டும்னு. விழுந்தா நீயே வேணாம்னு வந்துருவேன்னு. அவங்க பேசுறது மாதிரி எழுதணும்னு யாழ்ப்பாணத்துச் சமையல் வீடியோவெல்லாம் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"அவங்க சொல்லலப்பா," என்றாள் கலாதேவி. குரல் உயரவில்லை. "ஒரு தடவகூட யாரும் சொல்லல. என்ன அப்படி மொதமொதல்ல சொன்னது நீங்கதான்."

மாயாண்டியின் தோள் சரிந்தது. அவர் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மகளைக் காப்பாற்ற வெட்டிய குழியில் மகளையே தள்ளியிருந்தார், பாவம்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "களத்துல மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்மா," என்றார்.

"எழுதுனா நூறு பேரு கை தட்டுற படம் போடுவாங்கண்ணே," என்றாள் இருளாயி தணிந்த குரலில். "எரநூறு பேரு திட்டுவாங்க. ஒருத்தரு அதுலயும் எழுத்துப் பிழை பாப்பாரு. அந்தம்மாவுக்கு அதுல ஒண்ணும் போய்ச் சேராது."

"பேரில்லாமச் சொன்னத, பேரச் சொல்லி நேர்ல சொல்லணும்பா," என்று எழுந்தாள் கலாதேவி. "வாங்க, போலாம். அதக் கேட்டுட்டு அவங்க கதவச் சாத்துனா, அதையும் நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

பத்துமலையின் காரில் நான்கு பேரும் ஈப்போ கார்டனுக்குப் போனார்கள். வழியில் இருளாயி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காருக்கு அது புதிய அனுபவம்.

செல்லாச்சி அம்மாள் உள்ளே வரச் சொன்னார். மாயாண்டி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எழுதியதை, ஏன் எழுதினார் என்பதை, கிராணி ஐயா மூக்கைப் பொத்தியதை. சொல்லி முடித்துவிட்டு, அடி விழக் காத்திருக்கிறவர் போலத் தலையைக் குனிந்தார்.

அம்மாள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ரை ஐயாவும் தோட்டத்துக் கிராணிதான்," என்றார். "உங்கட தோட்டமில்லை, தெலுக் இந்தான் பக்கம். இந்தச் சொல்லை நான் எழுதவுமில்லை, சொல்லவுமில்லை. ஆனால் கேட்டதேயில்லை எண்டு பொய் சொல்லமாட்டன். சின்ன வயசிலை எங்கட சாப்பாட்டு மேசையிலை கேட்டிருக்கிறன். எல்லாரும் சிரிச்சவை. நானும்தான்."

மாயாண்டி தலையை நிமிர்த்தினார்.

அம்மாள் கலாதேவியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உன்ரை அப்பா பயந்ததிலை பிழையில்லை. செய்ததுதான் பிழை. அதுக்கு அவரோடை நான் கொஞ்சக் காலம் கோவமாத்தான் இருப்பன், அதையும் இப்பவே சொல்லிப்போட்டன். ஆனால் இந்த வீட்டிலை ஆராவது உன்னை அப்பிடிச் சொன்னால், நீ முழுங்கவும் வேண்டாம், பெட்டியைத் தூக்கவும் வேண்டாம். சொன்னவை வெளியிலை போவினம். ரஜீவ் எண்டாலும் சரி."

கலாதேவிக்கு அழுகை வந்தது. பதிவைப் படித்த நாளிலிருந்து அவள் அழுதிருக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வாங்க ஆன்ட்டி," என்றாள். "நாங்க காத்திருப்போம்."

"வருவம்." பிறகு அவர் வாசலைப் பார்த்தார். "மாயாண்டி அண்ணை, கோவமா இருக்கிற ஆக்களும் தேத்தண்ணி குடிக்கிறதுதான். வெளியிலை நிக்காமல் உள்ளுக்கு வந்து இருங்கோ."

மாயாண்டி செருப்பைக் கழற்றினார். படியில் ஒரு கணம் தயங்கினார். பிறகு உள்ளே போய், அம்மாள் காட்டிய நாற்காலியில் முதுகு படும்படி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த என் செல்வங்களா, உங்கள் வீட்டில் பேச வேண்டியதெல்லாம் முகம் பார்த்துப் பேசப்படட்டும். உங்கள் பிள்ளைகள் போய்ச் சேருகிற வீடுகளும், உங்கள் வீட்டுக்கு வந்து சேருகிற பிள்ளைகளும் குளிர்ந்து இருக்கட்டும். வந்தவர் எவரும் வாசலில் நின்று திரும்பாத வீடாக, அடுப்பும் சிரிப்பும் அணையாத வீடாக, உங்கள் வீடு நீடூழி வாழட்டும்.